தலைமுடியை அவிழ்த்துவிட்டு நட

2018 மார்ச் முதல் வாரம். ஒரு சாயப்பட்டறை உரிமையாளரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன். நாலாயிரம் மீட்டர் பாலியெஸ்டர் துணி. நாங்கள் ஒப்புதல் கொடுத்த லேப்-டிப்பில், அதாவது சாய மாதிரித் துண்டில், இருந்த நீலம் வேறு, வந்து இறங்கிய நீலம் வேறு. திருப்பூரில் தையல் லைன் காத்திருக்கிறது, ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது. அந்த மனிதர் ஒன்றுமே நடக்காத மாதிரி "பெரிய வித்தியாசம் இல்லையே" என்றார். அதற்குப் பிறகு நான் பேசியதை எழுத விரும்பவில்லை.

போனை வைத்ததும் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு ஆயி.

சீனத்தில் அத்தை, சித்தி வயதுப் பெண்களை 'ஆயி' என்று கூப்பிடுவார்கள். எங்கள் கொங்குப் பக்கத்து 'ஆயா'வுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சொல் என்பதாலோ என்னவோ, அந்த ஊருக்குப் போன புதிதில் என் வாயில் முதலில் ஒட்டிய சீனச் சொல் அதுதான். அவருக்கு அப்போது அறுபத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு கிண்ணம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று என் கண்ணைப் பார்த்தார்.

"உனக்குக் கான்ஹுவோ ஏறியிருக்கிறது. வசந்தம் வந்தாலே இப்படித்தான். முதலில் இதைச் சாப்பிடு."

கான் என்றால் கல்லீரல், ஹுவோ என்றால் நெருப்பு. ஈரல் நெருப்பு. நாம் 'பித்தம் தலைக்கேறிவிட்டது' என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இதைச் சொல்கிறார்கள். எனக்கு அது வினோதமாகப் பட்டது. தமிழில் ஈரலில் குடியிருப்பது பயம்தானே? ஈரக்குலை நடுங்குகிறது, ஈரக்குலை பதறுகிறது என்போம். அங்கே அதே ஈரலில் கோபம் குடியிருக்கிறது.

நாங்கள் இருந்த ஊர் கேச்சியாவ். செஜியாங் மாகாணத்தில், ஷாவ்சிங் நகரத்தை ஒட்டியது. துணித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் போதும். கட்டடம் கட்டடமாக விரிந்து கிடக்கும் பெரிய துணிச் சந்தை, அதை நம்பி வந்து குடியேறிய இந்திய வியாபாரிகள், மசாலா வாசனை வரும் சில தெருக்கள், நடுவே பழைய கால்வாய்கள். என் கணவர் துணி கொள்முதல் அலுவலகம் நடத்தினார்; தரம் பார்ப்பது என் வேலை. 2014 முதல் 2019 வரை அங்கே இருந்தோம்.

அந்த ஊரில் வருடத்தின் மோசமான காலம் வசந்தம்தான். பூக்களைச் சொல்லவில்லை, வேலையைச் சொல்கிறேன். சீனப் புத்தாண்டுக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். பட்டறைகள் பாதி ஆட்களோடு மெல்லத் திறக்கும். வாங்குகிறவர்களோ ஒரே நாளில் வந்து குவிவார்கள். அந்த மார்ச்சில் எனக்குக் கண் சிவந்து எரிந்தது. இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை. காலையில் வாய் கசந்தது. கழுத்து மரக்கட்டை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோபம். பிள்ளை பென்சிலைக் கீழே போட்டால்கூடக் கோபம்.

ஆயியிடம் இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், நான் படிக்காத ஒரு பாடத்தைச் சரியாக ஒப்பிக்கிறேன் என்பது போல. சீன மருத்துவத்தில் கண் கல்லீரலின் வாசல். தசைநார்கள் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. இரவு ஒன்று முதல் மூன்று வரை அதன் நேரம். கோபம் அதன் உணர்ச்சி. காற்று அதைத் தாக்கும் வானிலை. பச்சை அதன் நிறம், புளிப்பு அதன் சுவை, ஐந்து பூதங்களில் மரம் அதனுடையது, கிழக்கு அதன் திசை, வசந்தம் அதன் பருவம். இவை எல்லாம் ஒரே வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சொல்லும் 'கான்', ஸ்கேனில் தெரியும் அந்த உறுப்போடு முடிவதில்லை. உடம்பிலும் மனதிலும் எல்லாம் தடையில்லாமல் ஓடும்படி பார்த்துக்கொள்ளும் ஒரு வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஹுவாங்தி நெய்ஜிங் என்ற பழைய மருத்துவ நூல் கல்லீரலைப் படைத்தளபதி என்கிறது. திட்டங்கள் அங்கிருந்துதான் பிறக்கின்றனவாம். தளபதியை ஒரு மூலையில் அடைத்துவைத்தால் என்ன ஆகும்? குளிர்காலம் முழுக்க உள்ளே சுருண்டு கிடந்த சக்தி வசந்தத்தில் முளைபோல மேலே வரப் பார்க்கிறது. வழி கிடைத்தால் அது உற்சாகம், கிடைக்காவிட்டால் எரிச்சல். இந்த விளக்கத்தைக் கேட்டபோது, அறிவியலாக இது எவ்வளவு தேறும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், என்னைப் பற்றிய வர்ணனையாக அச்சாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

ஆயி என்னை ஒரு சீன மருத்துவரிடம் அழைத்துப்போனார். ஐம்பது வயதுப் பெண்மணி. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார். எங்கள் ஊர் சித்த வைத்தியரும் மூன்று விரல்தான் வைப்பார். வாதம், பித்தம், கபம் என்று. இவர்கள் இரண்டு கையிலும் மூன்று மூன்று இடம் பார்க்கிறார்கள். இடது கையின் நடு இடம் கல்லீரலுக்கு உரியது. "ஷியென்" என்றார் அவர். இழுத்துக் கட்டிய நாண் போன்ற நாடி. வசந்தத்தில் நாடி கொஞ்சம் அப்படித்தான் இருக்குமாம், என்னுடையது அளவுக்கு மீறி விறைப்பாம். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கேட்டார்: "ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா?"

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முப்பத்தெட்டு வயதில் முன்நெற்றி நரைத்துவிட்டது. அதற்காக ஒரு மருந்துக் கடையில் ஹெஷோவு மாத்திரை வாங்கி, ஆறு வாரமாகத் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தேன். ஹெஷோவு என்ற பெயருக்கே 'ஹெ என்பவரின் கருத்த தலை' என்று பொருள். ஒரு கொடியின் கிழங்கு அது. கடையில் இருந்தவர் "கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வளர்க்கும், முடி கறுக்கும், வசந்தத்தில் சாப்பிட்டால் இரட்டைப் பலன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். இயற்கை மருந்துதானே, என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணம் எனக்கு.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். அதே கட்டடத்தின் மேல்மாடிக்கு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். சீனாவில் பாரம்பரிய மருத்துவமனைகளிலும் பரிசோதனைக் கூடம் உண்டு, ஸ்கேன் உண்டு. மதியம் முடிவு வந்தது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு நாற்பதுக்குள் இருக்க வேண்டும்; எனக்கு இருநூறைத் தாண்டியிருந்தது.

ஹெஷோவு சிலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கும். இது ரகசியமும் இல்லை, வதந்தியும் இல்லை. மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவானது. சீனாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. கல்லீரலுக்கு நல்லது என்று விற்கப்பட்ட ஒன்று என் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டிருந்தது. என் கோபத்துக்கும் கண் எரிச்சலுக்கும் இதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஆனால் உடனே நிறுத்தச் சொன்னார். எனக்குக் கசாயம் எதையும் எழுதித் தரவில்லை. நான் கேட்டும் தரவில்லை. "ஈரல் தானாக ஆறட்டும். அதன் மேல் இன்னும் எதையும் கொட்டாதே."

அப்புறம் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் சில சீன எழுத்துகளை எழுதி நீட்டினார். "இதுதான் உனக்கு மருந்து."

வீட்டுக்கு வந்து ஆயிதான் படித்துக் காட்டினார். ஹுவாங்தி நெய்ஜிங்கில் நான்கு பருவங்களைப் பற்றிய அத்தியாயத்தில் வரும் வரிகள் அவை. சுமார் ஈராயிரம் ஆண்டுப் பழமை. என் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

"வசந்தத்தின் மூன்று மாதங்கள்: பழையதைத் தள்ளிப் புதியது முளைக்கும் காலம். வானும் மண்ணும் சேர்ந்து உயிர்ப்பிக்கின்றன. இரவில் படு, விடியலில் எழு. முற்றத்தில் அகல நடை போடு. முடியை அவிழ்த்துவிடு, உடம்பைத் தளர்த்து. மனதின் விருப்பம் முளைக்கட்டும். உயிர் கொடு, கொல்லாதே. கொடு, பறிக்காதே. பாராட்டு, தண்டிக்காதே."

இதற்கு எதிராக நடந்தால் கல்லீரல் கெடும், அதன் விளைவு கோடையில் தெரியும் என்று அந்தப் பகுதி முடிகிறது.

இன்று 'சீன மருத்துவப்படி வசந்த கால ஆரோக்கியம்' என்று தேடினால் என்ன கிடைக்கிறது? பத்து உணவு, ஐந்து தேநீர், மூன்று அக்குபிரஷர் புள்ளி. மூல வரிகளைத் திரும்பப் பாருங்கள். அதில் ஒரு மூலிகை இல்லை, ஒரு காய்கறி இல்லை. தூங்குவது, நடப்பது, முடி, பிறகு மற்றவர்களிடம் நடந்துகொள்ளும் விதம். இவ்வளவுதான். பின்னால் வந்தவர்கள் சேர்த்த உணவு வகைகள் பொய் என்று சொல்லமாட்டேன். அவற்றில் நான் விரும்பிச் சாப்பிட்டவை நிறைய. ஆனால் முதலில் சொன்னதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கடையில் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு என் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறது.

சரி, அந்த முடி விஷயம். 'பீ ஃபா ஹுவான் சிங்', முடியை அவிழ்த்து உடம்பைத் தளர்த்து. இதைப் படித்ததும் எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது: "என்ன கண்ணு இது, தலைவிரி கோலமா?" விரித்த கூந்தல் நமக்கு எழவு வீட்டின் அடையாளம், அல்லது அடங்காத சினத்தின் அடையாளம். பாஞ்சாலி சபதம் முடியும்வரை கூந்தலை முடியவில்லை. கண்ணகி பாண்டியன் அவைக்குள் வந்த கோலமும் அதுதான். கோபம் தீர வேண்டும் என்றால் முடியை அவிழ்த்துவிடு என்று ஒரு மருத்துவ நூல் சொல்வதை என்னால் சட்டென்று ஏற்க முடியவில்லை.

பிறகுதான் தெரிந்தது, பழைய சீனர்களுக்கும் அது எளிதான காரியமாக இருந்திருக்காது. கன்ஃபூசியஸின் உரையாடல்களிலேயே, முடியை விரித்துப் போடுவது நாகரிகம் தெரியாத அந்நியர்களின் கோலமாகத்தான் வருகிறது. வளர்ந்த ஆண்களும் முடியை உச்சியில் கட்டி ஊசி செருகிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு மருத்துவ நூல் 'அவிழ்' என்கிறது. வருடத்தில் மூன்று மாதம், அதுவும் காலையில், சொந்த முற்றத்தில், யார் கண்ணுக்கும் மரியாதையாகத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லாத நேரத்தில். ஊசியோடு சேர்ந்து பதவியும் பொறுப்பும் கொஞ்ச நேரம் இறங்கட்டும் என்பதாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

நான் செய்தேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, பின்னலை அவிழ்த்து, கால்வாய் ஓரமாக நடந்தேன். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. அந்த ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். கண் எரிச்சல் மூன்றாவது வாரத்தில் அடங்கியது. தூக்கம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. 'இரவில் படு' என்பதை ஆயி கறாராகப் பதினொரு மணி என்று வைத்திருந்தார். குளிர்காலத்துக்கு அந்த நூல் சொல்லும் விதி வேறு: சீக்கிரம் படு, சூரியன் வரும்வரை எழாதே. வசந்தத்தில் அந்தச் சோம்பலை விட வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் பகலில் தூக்கம் தூக்கமாக வரும். அவர்கள் அதற்கு 'ச்சுன்குன்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். வசந்த அசதி. அதற்கு மருந்தாகப் படுத்துவிடக் கூடாது, எழுந்து நடக்க வேண்டும் என்பது ஆயியின் கட்சி.

ஆறு மணிக்குக் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்துத் திறந்தவெளியில் ஆயியின் கூட்டம் பாதுவான்ஜின் செய்யும். எட்டு அசைவுகள் கொண்ட பழைய உடற்பயிற்சி. நிதானமாகச் செய்தால் பன்னிரண்டு நிமிடம். ஏழாவது அசைவு எனக்கு மிகவும் பிடித்தது. குதிரைமேல் இருப்பது போல் கால்களை அகட்டி, முஷ்டியை இறுக்கி, கண்களை உருட்டி விழித்துக்கொண்டு மெதுவாகக் குத்த வேண்டும். அதன் பெயரிலேயே 'சினந்த கண்' இருக்கிறது. இருபது முப்பது பாட்டிகள் அதிகாலையில் ஒன்றாக நின்று காற்றை முறைத்துக் குத்துவார்கள். கோபத்தை முழுங்கு என்று யாரும் அங்கே சொல்லவில்லை. முழுங்கிய கோபமும் கல்லீரலில்தான் கட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு ஓர் உடம்பைக் கொடுத்து, மெதுவாக, மூச்சோடு வெளியே விடுகிறார்கள்.

அந்த வரிகளில் கடைசி மூன்று கட்டளைகளுக்கு நான் பின்னால்தான் வந்து சேர்ந்தேன். உயிர் கொடு, கொல்லாதே. கொடு, பறிக்காதே. பாராட்டு, தண்டிக்காதே. மருத்துவ நூலில் இதற்கு என்ன வேலை? பழைய சீன அரசுகளில் மரண தண்டனையை வசந்தத்தில் நிறைவேற்றும் வழக்கம் இல்லை. இலையுதிர் காலம்வரை, குளிர்காலம்வரை தள்ளிவைப்பார்கள். முளைவிடும் பருவத்தில் வெட்டினால் வானத்தின் போக்குக்கே எதிராகும் என்ற எண்ணம். அரசனுக்குச் சொன்ன அதே விதியை, ஒரு தனி ஆளின் ஈரலுக்கும் மருத்துவ நூல் சொல்கிறது.

என் கையில் அரசாங்கம் இல்லை. டெபிட் நோட்டு, அதாவது தர வேண்டிய பணத்தில் பிடித்தம் செய்யும் சீட்டு, இருந்தது. அந்த நீலத் துணிக்கு ஏற்கெனவே அபராதம் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. சாயப்பட்டறைக்கு நேரில் போனேன். ஈரம் சொட்டும் அந்தத் தரையில் நின்றபோதுதான் அவர்களின் நிலைமை தெரிந்தது. புத்தாண்டுக்குப் போன கலர் மாஸ்டர் திரும்பி வரவே இல்லை. வேறொருவர் பழைய குறிப்பை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை சாயமேற்ற அவகாசம் கொடுத்தேன். எட்டு நாள் தாமதமானது. திருப்பூரில் திட்டு வாங்கினேன். துணி சரியாக வந்தது. வியாபாரத்தில் இது எப்போதும் சரிவரும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று இரவு இரண்டு மணிக்கு எனக்கு முழிப்பு வரவில்லை.

இனி சாப்பாடு. அந்தப் பகுதியின் வசந்தத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நாக்கில்தான் முதலில் வருகிறது.

ஆயி அன்று கிண்ணத்தில் கொண்டுவந்தது மாலான்தோவ். வரப்போரத்தில் தானாக முளைக்கும் கீரை. கொதிநீரில் போட்டு எடுத்து, பிழிந்து, பொடியாக நறுக்கி, புகையில் வாட்டிய டோஃபுவையும் அதே அளவுக்கு நறுக்கி, எள்ளெண்ணெய் விட்டுப் பிசறியிருப்பார்கள். லேசான கசப்பு, அதற்குப் பின்னால் ஒரு குளிர்ச்சி. வசந்தத்தில் பச்சையாக, இளசாக, மண்ணைவிட்டு அப்போதுதான் வெளியே வந்ததைச் சாப்பிடு என்பது பொது விதி. சந்தையில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக வரும்: மூங்கில் குருத்து, ஜியுட்சாய் என்ற பூண்டு வாசனைத் தழை, ஜீட்சாய் என்ற காட்டுக்கீரை, ஷியாங்ச்சுன் மரத்தின் செந்தளிர். அந்தச் செந்தளிரை முட்டையோடு பொரிப்பார்கள். அதை அப்படியே போடக் கூடாது, முதலில் கொதிநீரில் அலச வேண்டும் என்று ஆயி இரண்டு தடவை சொன்னார். அதில் நைட்ரைட் அதிகம் என்பதால் அது சரியான எச்சரிக்கைதான்.

இவற்றுக்கெல்லாம் நாள் கணக்கு உண்டு. சீனர்கள் ஆண்டை 24 சூரியப் பருவங்களாகப் பிரிக்கிறார்கள். நமக்கு இது புரிவது எளிது. தமிழ் மாதம் என்பது சூரியன் 30 பாகை நகரும் காலம். அவர்கள் அதைப் பாதியாக்கி 15 பாகைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி 4 வாக்கில் லீச்சுன், வசந்தத்தின் தொடக்கம். மார்ச் 5 அல்லது 6-இல் ஜிங்ஜெ, இடி கேட்டு மண்ணுக்குள் பூச்சிகள் விழிக்கும் நாள். ஏப்ரல் 5 வாக்கில் சிங்மிங், முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்யும் நாள். ஏப்ரல் 20 வாக்கில் கூயூ, தானிய மழை. 2016-இல் யுனெஸ்கோ இந்த நாட்காட்டி அறிவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. ஆயிக்கு அது தெரியாது. எந்தக் கீரை எந்தப் பருவத்தோடு முற்றிவிடும் என்பது தெரியும்.

சிங்மிங் அன்று கணவரின் கல்லறையைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு வந்து ஆயி பச்சைக் கொழுக்கட்டை செய்தார். அரிசி மாவில் 'ஆய்' என்ற தழையை அரைத்துப் பிசைந்தது. ஆவியில் வெந்து வெளியே வந்ததும் அந்த வாசனை எனக்கு எங்கேயோ பழகியதாக இருந்தது. ரொம்ப நேரம் யோசித்தேன். மரிக்கொழுந்து! வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் மட்டுமில்லை, ஒரே பேரினம். ஆர்ட்டிமிசியா. நாம் தலையில் வைக்கிறோம், அவர்கள் கொழுக்கட்டையில் வைக்கிறார்கள்.

புளிப்புதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ் வகுத்த விதி ஒன்று உண்டு: வசந்தத்தின் 72 நாளும் புளிப்பைக் குறை, இனிப்பைக் கூட்டு, மண்ணீரலை வளர்த்துக்கொள். வசந்தத்தில் மரம் ஓங்கி வளரும், அதன் வேர் மண்ணைத் துளைக்கும். உடம்பில் மரம் கல்லீரல், மண் மண்ணீரல். அவர்கள் கணக்கில் செரிமானம் மண்ணீரலின் வேலை. கல்லீரல் ஏற்கெனவே ஓங்கி இருக்கும்போது அதன் சுவையான புளிப்பையும் ஊட்டி வளர்க்காதே, அடிபடும் மண்ணுக்கு உரம் போடு என்பது கருத்து. புளிப்பு எதையும் உள்ளே இழுத்துச் சுருக்கும், வசந்தமோ வெளியே விரியும் காலம் என்று இன்னொரு காரணமும் சொல்வார்கள். இனிப்பு என்றால் சர்க்கரை இல்லை. மலைக்கிழங்கு, செம்பேரீச்சை, தினை, பூசணி, அரிசி ஆகியவற்றின் இயல்பான இனிப்பு.

இரண்டு மாதம் ரசத்தில் புளியைப் பாதியாக்கினேன். பருப்பு ரசமும் மிளகு ரசமுமாக ஓட்டினேன். அதனால் வயிறு தேறியதா, நேரத்துக்குச் சாப்பிட்டதால் தேறியதா என்று தெரியாது. சித்திரை முதல் நாள் வந்தபோது மட்டும் விதியை மீறினேன். மாங்காய்ப் பச்சடி இல்லாமல் எனக்குப் புத்தாண்டு இல்லை. ஊரிலிருந்து அம்மா காயவைத்து அனுப்பிய வேப்பம்பூவை அதன் மேல் வறுத்துப் போட்டு ஆயிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். கசப்பை நக்கிப் பார்த்துவிட்டு, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை, இதுதானே உன் நெருப்புக்கு நல்லது என்றார்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பழமொழி: வசந்தத்தில் போர்த்து, இலையுதிர் காலத்தில் குளிர். முதல் வெயிலைப் பார்த்ததும் கம்பளியைக் கழற்றிவிடாதே. கழற்றுவதென்றால் மேலே முதலில், கீழே கடைசியில். கால் சூடாக இருக்கட்டும். செஜியாங்கில் மார்ச்சில் ஒரு நாள் இருபத்தைந்து டிகிரி அடிக்கும், மறுநாள் எட்டுக்கு இறங்கும். சட்டை மாற்றிய அத்தனை பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். இந்த விதிக்குத் தத்துவமே தேவையில்லை.

ஏப்ரல் 18 அன்று சீன நாட்காட்டியில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள். ஆயி என்னை லான்திங்குக்கு அழைத்துப்போனார். ஷாவ்சிங்குக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில், மூங்கிலும் ஓடையுமாக இருக்கும் இடம். 353-ஆம் ஆண்டு இதே நாளில், எழுத்துக் கலைஞர் வாங் ஷிச்சி நண்பர்கள், உறவினர்கள் சுமார் நாற்பது பேருடன் இங்கே கூடினார். வளைந்து ஓடும் ஓடையில் மதுக் கிண்ணத்தை மிதக்கவிட்டு, அது யார் முன்னால் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும். அவர் அன்று எழுதிய முன்னுரை சீன எழுத்துக் கலையின் சிகரம் என்று போற்றப்படுகிறது. எல்லாரும் அந்த எழுத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

எனக்கு ஆயி வேறு ஒன்றைச் சொன்னார். அவர்கள் அன்று கவிதைக்காக மட்டும் கூடவில்லை. அது 'ஷி' என்ற வசந்த நீராட்டுச் சடங்கு. குளிர்காலத்தில் சேர்ந்த நோயும் தீட்டும் ஓடும் நீரில் போகட்டும் என்று மணமுள்ள தழைகளோடு ஆற்றங்கரையில் கழுவிக்கொள்வது. உடம்பைக் கழுவ வந்த இடத்தில் அவர்கள் மனம் திறந்துகொண்டது. 'வானம் தெளிவு, காற்று தூய்மை, இளந்தென்றல் இதம்' என்று மகிழும் அந்த முன்னுரை மெல்ல மெல்ல, இந்த மகிழ்ச்சி போய்விடுமே, நாமும் போய்விடுவோமே என்ற துக்கத்துக்குப் போகிறது. ஆயி ஓடையில் கையை நனைத்து என் நெற்றியில் தடவினார். அவர் கண்ணில் நீர் இருந்தது. கண் கல்லீரலின் வாசல் என்றால் கண்ணீர் அதன் நீர். கணவர் போன வசந்தத்தில் தான் அழவே இல்லை என்றார், அந்த வருடம் முழுவதும் உடம்பு படுத்தியது என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. வாத்துக் குளத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு பஸ் ஏறினோம்.

மே மாதம் ரத்தப் பரிசோதனை செய்தபோது எஸ்ஜிபிடி முப்பத்தொன்று. மாத்திரையை நிறுத்தியதால் இறங்கியது. நடையால் இறங்கியது என்று சொல்ல மாட்டேன். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து என்று நினைக்கிறேன். ஷாவ்சிங்குக்குப் பக்கத்து நகரமான நிங்போவில் பிறந்த விஞ்ஞானி தூ யோயோ, 2015-இல் நோபல் பரிசு பெற்றார். மலேரியாவுக்கு அவர் கண்டுபிடித்த ஆர்ட்டிமிசினின் மருந்தும் அதே மரிக்கொழுந்துப் பேரினத்துச் செடியிலிருந்து வந்ததுதான். நான்காம் நூற்றாண்டு நூல் ஒன்று அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறது, கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு, சூட்டைக் குறைத்துச் சாறெடுத்தார். பலித்தது 191-ஆவது மாதிரி. நூலில் இருக்கிறது என்று அவர் அப்படியே யாருக்கும் கொடுத்துவிடவில்லை. சோதித்துப் பார்த்தார், தன் உடம்பிலேயே முதலில் போட்டுப் பார்த்தார். வசந்தத்தில் கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று பொட்டலம் பொட்டலமாக விற்கிறவர்களிடம் அந்தப் பொறுமை இருக்கிறதா என்று கேளுங்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், நடை போடாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். ஏதாவது மூலிகை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நான் அன்று சொல்லியிருக்காவிட்டால் இன்னும் விழுங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

2019 கடைசியில் திருப்பூருக்கே வந்துவிட்டோம். இங்கே பிப்ரவரியிலேயே வெயில் ஏறிவிடுகிறது. போர்த்திக்கொள்ள எதுவும் இல்லை. மூங்கில் குருத்தும் இல்லை. குளிர் உடைந்து முளைவிடும் நிலத்துக்குச் சொன்ன விதிகளை இங்கே அப்படியே கொண்டுவந்து நட முடியாது. எனவே பெரும்பாலானவற்றை விட்டுவிட்டேன். நடையும் பதினொரு மணித் தூக்கமும் மட்டும் தொடர்கின்றன. மார்ச் மாதத்தில் யாருக்கும் டெபிட் நோட்டு எழுதுவதில்லை. ஏப்ரல் வரை காத்திருக்கச் சொல்லி அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன்.

வந்த புதிதில் ஒரு நாள் விடியற்காலையில் முடியை அவிழ்த்துவிட்டு மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தேன். அம்மா மேலே வந்தார்.

"ஏங்கண்ணு, கருக்கல்ல இப்படியா தலைய விரிச்சுப் போட்டுட்டு நடப்பாங்க? யாராவது பாத்தா என்ன நெனைப்பாங்க?"

சீன வைத்தியம் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பாதுவான்ஜின் முறைப்பைக்கூடச் செய்து காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொல்றது. குளிச்சுப்போட்டு, தலை காயறவரைக்கும் நட. அப்ப யாரு கேக்கப் போறா?"

வெள்ளிக்கிழமைகளில் இப்போது அப்படித்தான். அம்மா சாம்பிராணி போட்டுவிடுவார். அந்தப் புகை முடியில் இருக்க, ஏழு மணி வெயிலில் மொட்டைமாடியின் நீளத்துக்கு நடப்பேன். நல்ல அடர்த்தியான முடி எனக்கு, காய முக்கால் மணி நேரம் ஆகிறது. அதுவரை போன் கீழேதான் இருக்கும். முன்நெற்றி நரை அப்படியே இருக்கிறது.